பதினோரு ஏக்கர் தண்ணீர்

அத்தியாயம் 6

"ஏரியைக் காணலைங்க," என்றார் அந்த அம்மாள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

கண்டக்டர் பேனாவைத் திறந்தார். காணாமல் போன கணவர், காணாமல் போன கம்மல், ஒரு முறை காணாமல் போன கல்யாண மாப்பிள்ளை என்று மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் அந்தப் புகார் நோட்டில் எழுதியிருக்கிறார். ஏரி இதுதான் முதல் தடவை.

"கடைசியா எப்ப பார்த்தீங்க? வீட்டுல ஏதாவது கோவமா பேசினீங்களா?"

"தம்பி," என்றார் அண்ணி, தலையைத் தூக்காமல். வாயை மூடு என்பதை அண்ணி அவ்வளவு சுருக்கமாகத்தான் சொல்வார்.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அண்ணியின் துப்பறியும் நிலையம். அச்சகத்தில் இருபத்தேழு வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றதும், ஊரிலுள்ள மற்ற பிழைகளையும் பார்த்துவிடலாம் என்று பலகை மாட்டிவிட்டார். உதவிக்கு வந்து சேர்ந்தவர் கொழுந்தன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும், பெண்டாட்டி உட்பட. அந்தப் பெண்டாட்டிதான் நேற்றுச் சோறு போடும்போது கேட்டாள்: "மூணு மாசமா போறீங்களே, நீங்களா ஒண்ணாவது கண்டுபிடிச்சீங்களா?" அந்தக் கேள்வி இன்னும் தொண்டையில் நின்றது.

வந்த அம்மாள் தையல்காரர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கழற்ற மறந்து வந்திருந்தார்.

"எங்க தெருவுக்குப் பின்னாடிதாங்க ஏரி. பதினோரு ஏக்கர். பில்டர் ஒருத்தர் லாரி லாரியா மண்ணைக் கொட்டி மூடறாரு. கால்வாசி போயிடுச்சு. போன மழைக்கு என் கடைக்குள்ள முழங்கால் தண்ணி. ரெண்டு மெஷினையும் கட்டில் மேல ஏத்தி வெச்சுட்டு நாங்க நின்னுக்கிட்டிருந்தோம். ஏரி முழுசா போயிட்டா அடுத்த மழைக்கு மூணு தெருவும் மிதக்கும். அதான் நகரத் திட்ட ஆபீசுக்கு ஆட்சேபணை எழுதிப் போட்டேன். அதுக்கு என்ன பதில் வந்திருக்கு பாருங்க."

அண்ணி கடிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். "'தாங்கள் குறிப்பிடும் மேற்படி இடத்தில், புதிய வரைவுத் திட்டத்தின்படி, நீர்நிலை எதுவும் இல்லை. எனவே ஆட்சேபணை ஏற்கத்தக்கதல்ல. தேவைப்படின் இறுதி விசாரணைக்கு நேரில் வரலாம்.' விசாரணை எப்போ?"

"இன்னிக்கு மூணு மணிக்குங்க. அதோட திட்டத்துக்கு முத்திரை குத்திடுவாங்களாம். அப்புறம் பத்து வருஷத்துக்கு மாத்த முடியாதாம்."

"காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஏரி இருந்துச்சா?" என்றார் கண்டக்டர்.

"இருந்துச்சே! கொக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு!"

"அப்ப கொக்குக்கு இன்னும் தகவல் போகலை."

அண்ணி சிரிக்கவில்லை. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பென்சில் கோடு நீங்க போட்டதா?"

'மேற்படி இடத்தில்' என்ற இரண்டு வார்த்தைகளுக்கு அடியில் மட்டும் மெல்லிய கோடு.

"நான் பென்சிலே தொடறதில்லைங்க. சாக்குக்கட்டிதான்."

"ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்கான்," என்றார் கண்டக்டர் எட்டிப் பார்த்து. "கோடு என்ன நேரா இருக்கு!"

"மேற்படி இடத்தில் இல்லைன்னா என்ன அர்த்தம் தம்பி?"

"இல்லைன்னு அர்த்தம்."

"வேற இடத்துல இருக்குன்னு அர்த்தம்."

அண்ணி எழுந்து பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் இருந்த புடவைகளைக் கண்டக்டரின் கையில் கொடுத்துவிட்டு, தட்டில் மடித்து விரித்திருந்த பெரிய தாளை உருவினார். பத்து வருடத்துக்கு முந்தைய நகரத் திட்ட வரைபடம். அண்ணியின் அச்சகத்தில் அச்சானது. ஓரத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் ஒதுக்கப்பட்டு, வீடு வந்து சேர்ந்திருந்தது. வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். மூலையில் கணக்கு: நீர்நிலைகள் மொத்தம் 612 ஏக்கர்.

"புதுத் திட்டத்துப் புத்தகம் இருக்கா?"

தையல்காரம்மா பையிலிருந்து எடுத்தார். அண்ணி கடைசிப் பக்கத்துக்குப் போனார். நீர்நிலைகள் மொத்தம் 612 ஏக்கர்.

"பதினோரு ஏக்கர் ஏரியைக் காணோம். ஆனா மொத்தம் ஒரு ஏக்கர் கூடக் குறையலை," என்றார் அண்ணி. குரலில் லேசாக ருசி தட்டியது. "ஒரு பத்தியை வெட்டினா பக்கம் சுருங்கணும். சுருங்கலைன்னா அந்தப் பத்தியைத் தூக்கி வேற எங்கேயோ சொருகியிருக்கான். மொத்தம் குறைஞ்சா மேல இருக்கிறவங்க கேள்வி கேட்பாங்கன்னு, ஏரியை அழிக்கலை. நகர்த்தி வெச்சிருக்கான்."

"ஏரியைத் திருடினவன் அதை ஊருக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருக்கானா!" கண்டக்டர் புடவைகளை மேஜையில் போட்டார். "எங்கேன்னு தேடறது?"

"அதுக்கு அதோட சாயல் தெரியணும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் தையல்காரம்மா பையிலிருந்து பட்டர் பேப்பரை எடுத்துப் பழைய வரைபடத்தில் தன் ஏரியின் மேல் விரித்துவிட்டார். சாக்குக்கட்டியால் கரையைச் சுற்றி வரைந்தார். கத்தரிக்கோல் நாலு தரம் பேசியது. உள்ளங்கை அளவில் ஏரி கையோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், நடுவில் ஒரு வளைவு.

"பிளவுஸ் கை மாதிரியே இருக்கும்," என்றார் பெருமையாக.

* * *

நகரத் திட்ட அலுவலகத்துக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். புது கண்டக்டர் பழைய கண்டக்டரைப் பார்த்து சல்யூட் அடித்து, பிறகு மூன்று டிக்கெட்டையும் கறாராகக் கிழித்தார்.

"மரியாதை எல்லாம் கையோட சரி," என்று முனகினார் நம்மவர்.

வரைபடக் கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. நீளமான அறை, மேலே சோம்பேறித்தனமாகச் சுற்றும் மூன்று மின்விசிறிகள், சுவரில் ஆள் உயரத்துக்குப் புதிய வரைபடம். பொதுமக்கள் பார்வைக்காக மூன்று மாதமாக மாட்டியிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது, அதுவும் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர் போட்டது.

மூலை மேஜையில், வரைபடம் வரைகிற வரைவாளர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, காதில் பென்சில், மேஜையில் வரிசையாக ஆறு அழிப்பான்கள்.

"பார்க்கலாம். தொடக் கூடாது," என்றார் நிமிராமல்.

அண்ணி கண்ணைக் காட்டினார். கண்டக்டர் போய் மேஜையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"சார், எங்க வீட்டுப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம் வரும்னு இதுல போட்டிருக்கா?"

"நிறுத்தம் எல்லாம் போக்குவரத்துத் துறை."

"அப்ப நிழற்குடை?"

"பொதுப்பணி."

"நிழல் மட்டுமாவது உங்க துறைதானா?"

வரைவாளர் அவரை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மனிதனின் கண்ணாடியில் இவ்வளவு அழுக்கு இருக்க முடியாது. கண்டக்டருக்கு அப்போதே சந்தேகம் தட்டியது: இவன்தான் ஆள். குற்றமுள்ள நெஞ்சு, முகம் பார்க்கக் கூசுது.

அங்கே வரைபடத்தின் மேல் காகித ஏரி ஊர்ந்துகொண்டிருந்தது. புது வரைபடமும் பழையதன் அதே அளவில்தான் அச்சாகியிருந்தது. நீலத் திட்டுகள் இருபத்து மூன்று. அண்ணி ஒவ்வொன்றாக விரலால் காட்ட, தையல்காரம்மா ஏரியை வைத்துப் பார்த்தார். ஒன்று பெரியது, ஒன்று வட்டம், ஒன்று வாய்க்கால். இருபத்து மூன்றும் முடிந்தது. எதுவும் பொருந்தவில்லை.

சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது.

"கரைச்சுட்டாங்களோ?" என்றார் கண்டக்டர் வந்து. "சின்னச் சின்னதாப் பிரிச்சு, ஒவ்வொரு குளத்துலயும் ஒரு குடம் ஊத்தின மாதிரி?"

முதல் தடவையாக அண்ணியின் முகத்தில் களைப்பு தெரிந்தது. தையல்காரம்மா மட்டும் பதினேழாவது திட்டின் எதிரில் போய் நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். அப்புறம், கடையில் புதுப் பெண்ணைத் திட்டுகிற குரலில் சொன்னார்:

"இது வலது கை இல்லைங்க. இடது கை! துணியை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போட்டு வெட்டியிருக்காங்க!"

காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்தார். அகலம் அகலத்தோடு, குறுகல் குறுகலோடு, நடு வளைவு நடு வளைவோடு கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை.

"சபாஷ்," என்றார் அண்ணி மெதுவாக. "ஆனா இது எந்த இடம்? கட்டடம், பேர் எதுவுமே போடலையே. வெறும் ரோடு."

கண்டக்டர் கிட்டே போனார். கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். விரல் ஓட ஓட, கால்களுக்கு அடியில் பஸ் ஆடுவது போலவே இருந்தது அவருக்கு.

"இது ரயில்வே பாலம். இறங்கினா பெரிய ரவுண்டானா. அங்க இடது பக்கம் ஒடிச்சா ஸ்டேடியம் ஸ்டாப், அடுத்தது மருத்துவமனை, அடுத்தது..." குரல் நின்றது. "அண்ணி, இது இருபத்தேழாம் நம்பர் ரூட்டு. பதினெட்டு வருஷம் இதுல டிக்கெட் கிழிச்சிருக்கேன். இங்க ஏரியும் இல்ல, குட்டையும் இல்ல. இந்த வளைவுல இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன?"

"பில்டரோட வளாகம். பதினாறு மாடி ஆபீஸ். பின்னாடி அவரு குடியிருக்கிற பங்களா."

மூவரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். பதினாறு மாடியும் பங்களாவும் பதினோரு ஏக்கர் தண்ணீருக்கடியில் கிடந்தன.

"நான்தானே கண்டுபிடிச்சேன்?" என்றார் கண்டக்டர். "எழுதித் தருவீங்களா? வீட்டுல காட்டணும்."

"பார்வை நேரம் முடிஞ்சுது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வரைவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

கண்டக்டர் பாய்ந்தார். அண்ணி அவர் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க அண்ணி! அவன் முழியே சரியில்லை. ஏரியை நகர்த்தினவன் அவன்தான். அவசரத்துல தப்பான இடத்துல வெச்சுட்டான், மடையன்!"

"மூணு மணி வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா நீ."

* * *

விசாரணை அறையில் அதிகாரி கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நாற்பது ஆட்சேபணைகளைக் கேட்ட காது அவருடையது. தையல்காரம்மாவுடையது நாற்பத்தொன்று. எதிர் வரிசையில் பில்டர், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. பக்கத்தில் வக்கீல். வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக வரைவாளர் நின்றார்.

"அந்த இடத்துல ஏரி கிடையாது," என்று ஆரம்பித்தார் வக்கீல். "மழைத் தண்ணி தேங்கின பள்ளம். எங்க கட்சிக்காரர் பொதுநலத்தோட அதை மேடாக்கறார்."

"கொக்கு நிக்குதுங்க!" என்றார் தையல்காரம்மா.

"கொக்கு எங்க வேணாலும் நிக்கும்மா. என் வீட்டு மாடியில கூட நிக்குது," என்றார் பில்டர். அறையில் சிரிப்பு எழுந்தது.

அண்ணி எழுந்தார். "ஐயா, இவங்களுக்காக நான் ஒரே ஒரு விஷயம் கேட்கணும். புது வரைபடம் சரியா இருக்குன்னு பில்டர் ஐயா சொல்றாரா?"

"நூத்துக்கு நூறு சரி," என்றார் பில்டர். "ஒரு புள்ளி கூட மாத்தக் கூடாது."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரா?"

வக்கீல் தாராளமாகத் தலையாட்டினார். எழுதினார்கள். கையெழுத்து விழுந்தது. கண்டக்டருக்குச் சிரிப்பு வயிற்றைப் பிடித்தது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு," என்றார் அண்ணி, மாணவி மாதிரி. "நீர்நிலைக்குள்ள யாராவது கட்டடம் கட்டியிருந்தா என்ன செய்வீங்க?"

வக்கீலுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. "நல்லாக் கேட்டீங்க! இந்த அம்மா தெருவுல பாதி வீடு பழைய வாய்க்கால் மேல நிக்குதுன்னு எங்களுக்குச் சந்தேகம் இருக்கு. பத்தொன்பதாம் விதி, முப்பது நாள்ல இடிக்கணும். எத்தனை மாடியானாலும் சரி, யாருதானாலும் சரி. தயவு தாட்சண்யமே கிடையாது. பதிவு பண்ணிக்கோங்க ஐயா."

தையல்காரம்மா அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க, எங்க வீட்டையே இடிக்கச் சொல்றாங்க, நீங்க தலையாட்டறீங்க?"

"எங்களுக்குச் சம்மதம்," என்றார் அண்ணி அதிகாரியிடம். "வரைபடத்துல பதினேழாம் எண் நீர்நிலை எந்த சர்வே எண்ல இருக்குன்னு இவரைப் படிக்கச் சொல்லுங்க."

வரைவாளர் வரைபடத்தைப் பிரித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து நீலத்தின் மேல் வைத்தார். பஸ் அறிவிப்பு போல, ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார்: "எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு."

பில்டர் முதலில் கவனிக்கவில்லை, செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்றில் தலை நிமிர்ந்தது. "அது என் விலாசம்."

"ஆமாங்க," என்றார் வரைவாளர் பணிவாக.

"அங்க ஏது ஏரி? நான் குடியிருக்கேன்யா அங்க!"

"அப்ப நீர்நிலைக்குள்ள குடியிருக்கீங்க," என்றார் அண்ணி. "முப்பது நாள் டைம். எத்தனை மாடியானாலும் சரின்னு உங்க வக்கீலே சொல்லிட்டாரு."

"வரைபடம் தப்பு! முழுக்கத் தப்பு!"

"நூத்துக்கு நூறு சரின்னு எழுதின மை கூடக் காயலையே."

அதிகாரி அந்த நாளில் முதல் தடவையாகக் கடிகாரத்தை மறந்தார். பழைய வரைபடத்தை அண்ணியிடமிருந்து வாங்கினார், புதியதன் பக்கத்தில் விரித்தார். தையல்காரம்மா வெட்டிய காகித ஏரியை ஒன்றில் நேராகவும் மற்றதில் குப்புறவும் வைத்துப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"பில்டர் சார், ரெண்டு வழிதான் இருக்கு. வரைபடம் சரின்னா இடிக்கணும். தப்புன்னா, அந்த ஏரி எங்கேயிருந்து வந்துதோ அங்கேயே திரும்பிப் போகணும். அப்ப நீங்க கொட்டின மண்ணு ஏரிக்குள்ள கிடக்குன்னு ஆகும். எதுன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க."

வக்கீல் பில்டரைப் பார்த்தார், பில்டர் கூரையைப் பார்த்தார். பதினாறு மாடியும் மனதுக்குள் ஒரு தரம் ஏறி இறங்கியிருக்கவேண்டும். பேனாவை எடுத்தார்.

எழுதி முடித்ததை அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "'ஏறி'ன்னு எழுதியிருக்கீங்க. இது மாடி ஏறிப் போறது. தண்ணிக்குச் சின்ன ரி. திருத்தி எழுதுங்க."

பில்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது தாளில் எழுதினார். 'என் வளாகத்தின் மேல் தவறுதலாக இருக்கும் ஏரியை, அதன் பழைய இடத்துக்கே உடனடியாகத் திருப்பி அனுப்புமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.' அதிகாரி கீழே உத்தரவு போட்டார்: ஏரி பழைய இடத்தில் பதிவு செய்யப்படுகிறது, கொட்டிய மண் முழுவதையும் மனு கொடுத்த பில்டர் தன் செலவில் ஒரு மாதத்தில் அள்ளிவிட வேண்டும்.

தையல்காரம்மா கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

* * *

நடைபாதையில் வரைவாளர் அவர்களுக்காகக் காத்திருந்தார். கண்டக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார்.

"மாட்டினீங்களா? அவசரத்துல தப்பான இடத்துல வெச்சுட்டு..."

"அவரு தப்பே பண்ணலை தம்பி," என்றார் அண்ணி. "நீ எதிர்ல நிக்கறப்போ அவரு கண்ணாடி துடைச்சது நமக்காகத்தான். தொடக் கூடாதுன்னு சட்டம். பார்த்தா தடுக்கணும். அதனால பார்க்கலை. சரிதானே?"

வரைவாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உள்ள விசாரிச்சவரு இல்ல, எங்க தலைமை அதிகாரி போன்ல சொன்னாரும்மா. 'ஏரியை அங்கேருந்து எடு. மொத்தம் மாறக் கூடாது. வேற எங்கேயாவது வை.' எழுத்துல எதுவும் கிடையாது. மாட்டேன்னா என்னை மாத்திட்டு வேற ஆளை வெச்சு முடிச்சிருப்பாங்க. ஆனா எங்கேன்னு அவரு சொல்லலை. அதைக் கேட்கணும்னு எனக்கும் தோணலை."

கண்டக்டர் மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

"மூணு மாசம் சுவத்துல மாட்டி வெச்சிருந்தேன்," என்றார் வரைவாளர். "ஒருத்தராவது வந்து கேட்பாங்கன்னு பார்த்தேன். யாருமே வரலை. அதான் இந்த அம்மாவுக்குப் போன பதில்ல பென்சில் கோடு போட்டு அனுப்பினேன். இன்னிக்கு முத்திரை விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா ராத்திரி தூக்கமே கிடையாது."

"உங்க வேலைக்கு ஆபத்து வராதாங்க?" என்றார் தையல்காரம்மா.

"வரும்னுதான் நினைக்கிறேன்."

"வராது," என்றார் அண்ணி. "'தவறுதலாக'ன்னு பில்டரே கைப்பட எழுதியிருக்காரு. தவறுக்குக் கண்டிப்புக் கடிதம்தான் வரும். வேணும்னே பண்ணினதுன்னு நிரூபிக்கணும்னா உங்க தலைமை அதிகாரி அந்த போன் விஷயத்தைச் சொல்லணும். சொல்லுவாரா?"

"அப்படியும் வேலை போச்சுன்னா என் கடைக்கு வாங்க," என்றார் தையல்காரம்மா. "இவ்வளவு சுத்தமா வெட்டற கை எங்க ஏரியாவுலயே கிடையாது."

வரைவாளரின் காது சிவந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறப்போனவரைக் கண்டக்டர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் புரியலை சார். வெச்சது வெச்சீங்க. எதுக்கு ஏரியைக் குப்புறத் திருப்பி வெச்சீங்க? நாங்க ஒரு மணி நேரம் திணறிட்டோம்."

வரைவாளர் இரு பக்கமும் பார்த்தார். நடைபாதையில் வேறு யாரும் இல்லை என்று உறுதியானதும், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நேரா வெச்சா அவரோட நீச்சல் குளம் மட்டும் கரைக்கு வெளியே நின்னுது சார். மனசு கேட்கலை."